கணக்கு காட்டாதவர் நிற்க முடியாது: உத்திரமேரூர், ஆலந்தூர், தாம்பரம்

இந்த எபிசோட் ஆடிட் பத்தி. அதாவது மாநகராட்சியோட வருடாந்திரக் கணக்குத் தணிக்கை. தூக்கம் வர்ற சப்ஜெக்ட்தான், தெரியும். ஆனா தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் பக்கம் சொந்த வீடு இருக்கிறவங்க அரையாண்டுக்கு ஒரு தடவை சொத்து வரி கட்டுறாங்க. வாடகைக்கு இருந்தா, ஹவுஸ் ஓனர் அதை நம்ம வாடகையிலயே சேர்த்து வாங்கிடுவார். ஆக, எல்லாரும் கட்டுறோம். அந்தப் பணம் என்ன ஆச்சுன்னு கேட்கிற வழக்கம் நம்ம ஊர்ல எப்போ ஆரம்பிச்சுது, அந்தக் கேள்வி எப்போ எடுபட்டுது, எப்போ எடுபடாம போச்சு, இதுதான் இன்னைக்குக் கதை.

இதைப் படிக்கப் படிக்க ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணுல பட்டுது. கணக்கு எழுதறது எல்லாக் காலத்துலயும் நடந்திருக்கு. தணிக்கையும் நடந்திருக்கு. கணக்கு சரியில்லைன்னா யாருக்கு என்ன நஷ்டம்ங்கிற இடத்துலதான் ஒவ்வொரு காலமும் வேறுபடுது.

ஏரிக்கரை ஊரின் விதி

தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு போய், அங்கிருந்து தென்மேற்கே போனா உத்திரமேரூர். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ரெண்டு இருக்கு. கி.பி. 919, 921. குடவோலை முறை பத்தி ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம். ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சு, ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்றது. அப்படித் தேர்ந்தவங்க ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம்னு குழுக்கள்ல 360 நாள் வேலை பார்ப்பாங்க.

இதை வெச்சு "நாங்க அப்பவே ஜனநாயகம்"னு ஃபார்வர்ட் அனுப்புறவங்க ஒரு விஷயத்தை விட்டுடுவாங்க. அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். போட்டியில நிக்கணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். பெண்களுக்கு இடம் இல்ல. அந்த நிலத்துல இறங்கி உழுதவங்களுக்கும் இடம் இல்ல. இதை மனசுல வெச்சுக்கிட்டே மேல போவோம்.

அந்தக் கல்வெட்டுல யாரெல்லாம் நிக்கக் கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு. லஞ்சம் வாங்கினவன், அடுத்தவன் சொத்தைத் திருடினவன் எல்லாம் அதுல வர்றாங்க. ஆனா அந்தப் பட்டியல் திருட்டுல தொடங்கல. ஏதாவது ஒரு வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாம போனவன், அவன்தான் முதல்ல வர்றான். அவன் மட்டும் இல்ல. அவனோட பெரியம்மா, சித்தி பசங்க, அத்தை மகன், தாய்மாமன், மாமனார், மருமகன்னு ஒரு குடும்ப மரமே வெளியில போயிடும். இன்னைக்கு நியாயப்படி பார்த்தா மருமகன் என்ன பாவம் பண்ணினான்னு தோணும். ஆனா அதோட விளைவை யோசிங்க. நீங்க கணக்கு காட்டலைன்னா உங்க சொந்தக்காரங்க எல்லாரும் உங்களைச் சும்மா விடமாட்டாங்க. தணிக்கைத் துறையே தேவையில்ல, வீட்டு விசேஷங்களே போதும்.

கணக்கு எழுதறவருக்கும் தனி விதி இருந்துச்சு. தன் காலத்துக் கணக்கைப் பெரியவங்க முன்னாடி ஒப்படைச்சு, நேர்மையா நடந்துக்கிட்டார்னு அவங்க ஏத்துக்கிட்ட பிறகுதான் மறுபடியும் அந்த வேலை கிடைக்கும். அதோட, அவர் எழுதின கணக்கை அவரேதான் முடிச்சுக் கொடுக்கணும். வேற கணக்கரைக் கூப்பிட்டு முடிக்க விடக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஞாபகம் வெச்சுக்கோங்க. தாம்பரத்துக்கு வரும்போது தேவைப்படும்.

கணக்கு மேல நோக்கிப் போன காலம்

அங்கிருந்து ஒரே தாவலா 19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1857 புரட்சியை அடக்கினதுல பிரிட்டிஷ் இந்தியாவோட கஜானா காலி. அதைச் சரி பண்ண லண்டன்ல இருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன். 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பிச்ச அதே ஆள். 1860ல இந்தியாவோட முதல் பட்ஜெட்டைப் போட்டார், கூடவே வருமான வரியையும் கொண்டுவந்தார். 1867ல நிதியாண்டை ஏப்ரல் 1ல இருந்து மார்ச் 31னு மாத்தினாங்க, இங்கிலாந்து கணக்கோட ஒத்துப்போகணும்னு. இன்னைக்கும் நம்ம ஆபீஸ் அப்ரைசல்ல இருந்து தாம்பரம் மாநகராட்சி பட்ஜெட் வரைக்கும் அந்தக் காலண்டர்லதான் ஓடுது.

1882 மே 18ஆம் தேதி ரிப்பன் பிரபு உள்ளாட்சி பத்தின தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பேர் வெச்சது அதனாலதான். உள்ளூர் ஆட்கள் தங்கள் ஊரைத் தாங்களே நடத்திப் பழகணும்ங்கிறது அவரோட வாதம். அதைத் தொடர்ந்து 1884ல மெட்ராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம், அப்புறம் அதுக்குப் பதிலா 1920ல இன்னொண்ணு. தாம்பரம், பல்லாவரம் நகராட்சிகள் எல்லாம் பிற்பாடு ஓடினது அந்த 1920 சட்டத்துலதான்.

இந்த அமைப்புல ஒரு பெரிய மாற்றம் நடந்துச்சு. உத்திரமேரூர்ல கணக்கு ஊர்ச் சபை முன்னாடி போச்சு. பிரிட்டிஷ் முறையில தணிக்கையாளரை நியமிக்கிறது அரசு, அதனால கணக்கு மேல நோக்கிப் போச்சு. இதுல நன்மை உண்டு. உள்ளூர் பெரிய மனுஷங்க கூட்டுச் சேர்ந்து மறைக்கிறதை வெளியாள் கண்டுபிடிப்பார். ஆனா வரி கட்டினவங்க அந்த ஃபைலை எட்டிப் பார்க்கிற பழக்கம் வளரவே இல்ல.

வெளியாள் தணிக்கையாளருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம்ங்கிறதுக்கு லண்டன்ல ஒரு கதை இருக்கு. கிழக்கு லண்டன்ல பாப்லர்னு ஒரு ஏழைப் பகுதி. 1921ல அந்த கவுன்சில், பணக்காரப் பகுதிகளும் சுமையைப் பகிர்ந்துக்கணும்னு சொல்லி லண்டன் கவுன்டிக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கட்ட மறுத்துது. ஜார்ஜ் லான்ஸ்பரி உட்பட 30 கவுன்சிலர்கள் ஜெயிலுக்குப் போனாங்க. கடைசியில சட்டம்தான் வளைஞ்சுது. அதே பாப்லர், தன் ஊழியர்களுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வாரம் 4 பவுண்டு குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்துது. தணிக்கையாளர் இது அதிகம்னு சொல்லி 5,000 பவுண்டை கவுன்சிலர்கள் தங்கள் கையில இருந்து கட்டணும்னார். 1925ல பிரபுக்கள் சபையும் அவர் பக்கமே நின்னுது. ஆக, தணிக்கைன்னா எப்பவும் நல்லதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ல முடியாது. சம்பளம் எவ்வளவுன்னு முடிவு பண்றது மக்கள் தேர்ந்தெடுத்தவங்க வேலை. அந்தச் சம்பளம் சொன்ன ஆளுக்குப் போய்ச் சேர்ந்துதான்னு பார்க்கிறது தணிக்கையாளர் வேலை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு வேணும்.

பட்ஜெட் புத்தகத்தின் மூணு பத்தி

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 1992ல நிறைவேறின 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு அந்தஸ்து கொடுத்துது. ஆனா தணிக்கை பத்தி அதுல இருக்கிற 243-இசட் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். மாநிலச் சட்டமன்றம் இதுக்குச் சட்டம் இயற்றிக்கலாம், அவ்வளவுதான். தமிழ்நாட்டுல இந்த வேலையைப் பார்க்கிறது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. ரொம்ப காலமா இருக்கிற துறை. அதுக்குன்னு தனிச் சட்டம் 2014லதான் வந்துது.

பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தா ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல மூணு எண் இருக்கும். 2025-26 பட்ஜெட்னு வெச்சுக்கோங்க. அதுல 2023-24ல நிஜமா என்ன செலவாச்சுங்கிற கணக்கு, 2024-25க்கான திருத்திய மதிப்பீடு, 2025-26க்கான புது மதிப்பீடு. டிவியில வர்றது, கவுன்சில்ல மேஜையைத் தட்டுறது எல்லாம் மூணாவது எண்ணுக்கு. அது ஆசை. ரெண்டாவது எண், ஆசைப்பட்டது நடக்காதுன்னு தெரிஞ்ச பிறகு வருஷத்துக்கு நடுவுல பண்ற சரிக்கட்டல். முதல் எண்தான் நடந்தது.

ஒரு உதாரணம், எண்கள் நான் சும்மா சொல்றது. ஒரு தெருவுக்கு மழைநீர் வடிகால்னு 10 கோடி ஒதுக்குறாங்க. அடுத்த வருஷப் புத்தகத்துல திருத்திய மதிப்பீடு 4 கோடி. அதுக்கடுத்த வருஷம் கணக்குல 1 கோடி. மூணு புத்தகத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் இந்தக் கதை தெரியும். ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்தா எதுவும் தெரியாது. நம்ம கோட்ல கமிட் ஹிஸ்டரி பார்க்கிற மாதிரிதான். இப்போ இருக்கிற ஃபைல் ஒண்ணும் சொல்லாது, யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு பார்த்தாதான் விஷயம் புரியும்.

இன்னொண்ணு. தமிழ்நாட்டு நகராட்சிகள்ல எல்லாப் பணமும் ஒரே பெட்டியில போறதில்ல. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதின்னு மூணு பெட்டி. நீங்க கட்டுற சொத்து வரியே இந்த மூணுக்கும் பிரிஞ்சு போகுது. குடிநீர்ப் பெட்டியில இருந்து எடுத்து ரோடு போட்டா, பணம் யார் பாக்கெட்டுக்கும் போகலைன்னாலும் தணிக்கையில அது ஒரு தடையா வரும். ஏன் இவ்வளவு கறார்னு கேட்டா, அதுக்குப் பதில் ஆலந்தூர்ல இருக்கு.

5,000 ரூபாயை நம்பிக் கொடுத்த ஊர்

கிண்டிக்கும் பல்லாவரத்துக்கும் நடுவுல ஆலந்தூர். 1990களோட கடைசியில அது தனி நகராட்சி. பாதாள சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நகராட்சித் தலைவரா இருந்த ஆர்.எஸ்.பாரதி ஊர் முழுக்கப் பாதாள சாக்கடை போடணும்னு ஆரம்பிச்சார். சுமார் 34 கோடி ரூபாய் திட்டம். ஒரு சின்ன நகராட்சிக்கு அது மலை.

கடன் வாங்கினாங்க, மானியம் வாங்கினாங்க. கூடவே, அந்தக் காலத்துல யாரும் நினைச்சுப் பார்க்காத ஒண்ணையும் பண்ணினாங்க. குழாய் போடறதுக்கு முன்னாடியே மக்கள்கிட்ட டெபாசிட் கேட்டாங்க. வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000. இது போக, இணைப்பு வந்த பிறகு வீட்டுக்கு மாசம் 150 ரூபாய் கட்டணம். அன்னைக்கு 5,000ங்கிறது பல குடும்பத்துக்கு ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம். அதை ஒரு முனிசிபாலிட்டி கையில, முன்பணமா, கண்ணுக்குத் தெரியாத சாக்கடைக்காகக் கொடுக்கணும். நீங்களா இருந்தா கொடுப்பீங்களா?

ஆலந்தூர் கொடுத்துச்சு. கோடிக்கணக்குல டெபாசிட் சேர்ந்துது. குடியிருப்போர் சங்கங்களோட ஒரு கூட்டம் ரெண்டு கூட்டம் இல்ல, தொடர்ச்சியா உட்கார்ந்து பேசினாங்க. அந்தப் பணத்தை நகராட்சியோட பொதுக் கணக்குல கலக்காம தனிக் கணக்குல வெச்சாங்க. சம்பளத்துக்குப் பணம் பத்தலைன்னா இதுல கை வைக்க முடியாதுன்னு ஜனங்களுக்குப் புரிஞ்சுது. இந்தியா முழுக்க நகர நிர்வாகம் படிக்கிறவங்க இன்னைக்கும் ஆலந்தூரைப் பாடமா படிக்கிறாங்க. பெரும்பாலும் தனியார் கம்பெனியோட ஒப்பந்தம் பத்திதான் அதுல பேசுவாங்க. எனக்கு அதை விட அந்தத் தனிக் கணக்குதான் பெருசாத் தெரியுது. உத்திரமேரூர்ல கணக்கு காட்டலைன்னா பதவி கிடைக்காது. ஆலந்தூர்ல கணக்கு காட்டலைன்னா டெபாசிட் கிடைக்காது. ரெண்டு இடத்துலயும் கணக்குக்கு ஒரு விலை இருந்துச்சு.

2011ல ஆலந்தூர் உட்பட 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியில சேர்ந்துது. சென்னையோட பரப்பு 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426 ஆச்சு. ஆலந்தூர் நகராட்சி அத்தோட முடிஞ்சுது.

கேட்க ஆள் இல்லாத ஐந்து வருஷம்

அடுத்து நடந்தது நம்ம தலைமுறை பார்த்தது, ஆனா கவனிக்காதது. 2011ல தேர்வான உள்ளாட்சிகளோட பதவிக்காலம் 2016 அக்டோபர்ல முடிஞ்சுது. தேர்தல் அறிவிச்சாங்க. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு சரியா இல்லைன்னு ஒரு வழக்கு. போட்டவர் அதே ஆர்.எஸ்.பாரதி, திமுக சார்பா. சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து பண்ணுச்சு. அதுக்கப்புறம் வார்டு மறுவரையறை, மேலும் வழக்குகள், கோவிட்னு தள்ளிக்கிட்டே போய், நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ல.

நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல தாம்பரத்துலயும் பல்லாவரத்துலயும் கவுன்சிலர்னு யாரும் இல்ல. தனி அலுவலர் இருந்தார். பட்ஜெட் போட்டாங்க, செலவு பண்ணினாங்க, தணிக்கையும் வந்துது. ஆனா கவுன்சில்ங்கிற ஒண்ணே இல்லாதப்போ பட்ஜெட்டைத் தயாரிக்கிறவரும் அதை அங்கீகரிக்கிறவரும் ஒரே நாற்காலிதான். தணிக்கைத் தடைக்குப் பதில் சொல்றவரும் அதே நாற்காலி. நம்ம வேலையில, தான் எழுதின கோடைத் தானே ரிவ்யூ பண்ணி அப்ரூவ் பண்ற மாதிரி. எந்த டீம்லயும் அதை விடமாட்டாங்க.

இதுக்கு நிஜமான விலை இருந்துச்சு. 14ஆவது நிதிக்குழுவோட மானியம் முறைப்படி அமைஞ்ச உள்ளாட்சிகளுக்குத்தான். தேர்தல் நடக்காததால மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பணத்தை நிறுத்தி வெச்சுது. அடுத்து வந்த 15ஆவது நிதிக்குழு இன்னும் ரெண்டு நிபந்தனை போட்டுது. தணிக்கை பண்ணின கணக்கை ஆன்லைன்ல பொதுவுல வைக்கணும். சொத்து வரிக்கு ஒரு தரை விகிதம் அறிவிச்சு, வசூலை மாநிலப் பொருளாதார வளர்ச்சியோட சேர்த்து உயர்த்தணும்.

சொத்து வரி கடைசியா திருத்தினது சென்னையில 1998, மத்த ஊர்கள்ல 2008. 2018ல ஏத்தினதை அடுத்த வருஷமே நிறுத்தி வெச்சாங்க. அதனால 2022 ஏப்ரல்ல, புது கவுன்சில்கள் பதவியேத்து சில வாரத்துலயே, எல்லாத்தையும் ஒரே அடியா ஏத்த வேண்டியதாச்சு. தாம்பரம் மாதிரி மாநகராட்சிகள்ல 600 சதுர அடி வரைக்கும் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல 100 சதவீதம். சென்னையோட பழைய பகுதிகள்ல 150 சதவீதம் வரைக்கும் போச்சு. எல்லாரும் திட்டினோம். ஆனா அந்த ரசீதுல 14 வருஷமா யாரும் தொடாத ஒரு எண்ணும், அஞ்சு வருஷத்துக்கு மேல யாரும் கூடாத ஒரு மன்றமும் சேர்ந்தே இருந்துச்சு.

பத்து கணக்கு, ஒரு மாநகராட்சி

இந்த இடைவெளியில பிறந்ததுதான் தாம்பரம் மாநகராட்சி. 2021 நவம்பர் 3. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு அஞ்சு நகராட்சி. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைன்னு அஞ்சு பேரூராட்சி. 70 வார்டு. 2022 மார்ச்ல வசந்தகுமாரி முதல் மேயரானார். பட்டியல் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கின பதவி, இருபதுகள்ல இருக்கிற ஒரு பெண். உத்திரமேரூர்க் குடத்துல அவர் பேர் போட்ட ஓலை விழுந்திருக்கவே முடியாது. ஆயிரம் வருஷத்துல நாம முன்னேறின இடம் இது, சந்தேகமே இல்ல.

ஆனா கணக்கு விஷயத்துல? தேதியைப் பாருங்க, நவம்பர் 3. நிதியாண்டுக்கு நடுவுல. அந்த வருஷம் முதல் ஏழு மாசம் பத்து அமைப்பு, மிச்ச அஞ்சு மாசம் ஒண்ணு. நகராட்சிகளும் பேரூராட்சிகளும் அதுவரைக்கும் வெவ்வேறு இயக்ககத்துக்குக் கீழ இருந்தது. ஒவ்வொண்ணுக்கும் தனி பட்ஜெட், தனி வரி நிலுவை, தனித் தணிக்கை. ரெண்டு சாஃப்ட்வேர் கம்பெனி இணைஞ்சாலே டேட்டா மைக்ரேஷன்ல உயிர் போகும். இங்க பத்து.

உத்திரமேரூரோட அந்தக் கடைசி விதி இங்கதான் இடிக்குது. எழுதினவரே கணக்கை முடிக்கணும்னு அங்க விதி. இங்க செம்பாக்கம் நகராட்சி எழுதின கணக்கை செம்பாக்கம் நகராட்சி முடிக்க முடியாது, அப்படி ஒண்ணு இப்போ இல்ல. இது யாரோட சதியும் இல்ல, இணைப்புன்னாலே இப்படித்தான். இந்த நிலைமையில பழைய தணிக்கைத் தடைகள் காணாம போறதுக்கு யாரும் ஃபைலை எரிக்க வேண்டியதில்ல. "அது பழைய பேரூராட்சி விஷயம் சார்"னு ஒரு வாக்கியம் போதும். சென்னையைச் சுத்தி ஊர்கள் இணைஞ்சுக்கிட்டே போற காலம் இது. ஒவ்வொரு இணைப்புலயும் இந்த வாக்கியத்துக்கு இடம் கிடைக்குது. பழைய ஊரோட தணிக்கைத் தடை, அந்த ஊர்ப் பேரோடயே புதுக் கணக்குக்குள்ள வரணும். யார் அதுக்குப் பதில் சொல்லணும்ங்கிறதும் கூடவே வரணும்.

இதைக் கேட்க ஒரு இடம் இப்போ சட்டத்துல இருக்கு. 2022ல வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்துல, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துக்கிட்ட பகுதி சபைக் கூட்டம் நடந்தது தாம்பரம் மாநகராட்சியோட பம்மல்லதான். இந்தக் கூட்டங்கள்ல தெருவிளக்கு எரியல, குப்பை எடுக்கலன்னு சொல்றோம். சொல்லணும், அதுவும் முக்கியம். அதோட இன்னும் மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, நம்ம வார்டுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒதுக்கினது எவ்வளவு, திருத்தினது எவ்வளவு, செலவானது எவ்வளவு? ரெண்டு, கடைசியா தணிக்கை முடிஞ்சது எந்த வருஷத்துக்கு? மூணு, நம்ம பழைய நகராட்சி அல்லது பேரூராட்சி மேல இருந்த தணிக்கைத் தடைகள்ல எத்தனை இன்னும் நிலுவையில இருக்கு?

பதில் வரலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபாய்தான் கட்டணம். வர்ற பதிலைப் பத்திரமா வெச்சுக்கோங்க. அடுத்த உள்ளாட்சித் தேர்தல்ல உங்க வார்டுல ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட அந்தத் தாளைக் காட்டுங்க. கணக்கு காட்டாதவரைத் தடுக்கிற விதி இன்னைக்கு எந்தக் கோயில் சுவர்லயும் இல்ல. ஓட்டுப் போடற நம்ம கையிலதான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.